எண்ணெய்க்கு அஞ்சாதவை

மணிமுத்துவின் கணினித் திரையில் இருந்த உயிர்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. மூக்கு மட்டும்தான். மேலகரத்து மாடியறையில் அவன் கணக்குப் போட்டுச் செய்த பூச்சிகள். பார்வைக்கு வெறும் புள்ளிகள். குற்றாலத்தில் அருவிக்கரை மரத்தில் அவன் கட்டியிருந்த பெட்டி, காற்றில் வரும் வாசனையைப் பிடித்து அனுப்பும். அவற்றுக்கு அதுதான் உலகம். பழைய வெள்ளங்களின் வாசனைப் பதிவில் அவற்றை ஓடவிட்டான். வெள்ளத்துக்கு முன் மலைக்காற்றில் இறங்கும் வாசனையை மோந்து மேட்டுக்கு ஓடியவை பிழைத்துப் பெருகின. ஓடாதவை செத்தன. மோப்பம் எப்படி உருவாகிறது என்று பார்க்கத் தொடங்கிய ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன் பூச்சிகளை விடவில்லை.

போன சீசனில் அவை ஓடின. அருவியில் காவலுக்கு நின்ற அக்கா முத்துச்செல்விக்குப் போன் போட்டான். ஏட்டு அவள். தம்பியை நம்பிக் கூட்டத்தை மேலே ஏற்றினாள். தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் மசாஜ்காரர்கள் மூலிகை எண்ணெயைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அக்காவுக்கு மெமோ வந்தது. ‘எண்ணெய் ஏட்டு’ என்று பெயரும் விழுந்தது.

அதன்பின் எண்ணெய் வாசனைக்கு ஓடிய பூச்சிகளை அவன் கொன்றான். ஓடாதவற்றைப் பெருக்கினான். பழையவற்றின் பிரதி ஒன்றைத் தனியே வைத்திருந்தான்.

இன்று மத்தியானம் பழையவை ஓடின. புதியவை மேய்ந்துகொண்டிருந்தன. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. எண்ணெய்தான் என்று நினைத்தான். இருந்தாலும் கை போனுக்குப் போயிற்று.

“அக்கா, மசாஜ்காரங்க பெட்டிகிட்ட உக்காந்திருக்காங்களா?”

“ஏலே, நாள் கிழமை தெரியாமலா கெடக்க? இன்னைக்கு ஆடி அமாவாசை. எவம்லே எண்ண தேய்ப்பான்? ஒருத்தனும் வரல. அம்புட்டும் தர்ப்பணம் குடுக்க வந்த கூட்டம்.”

எண்ணெயே இல்லை, பழையவை ஓடுகின்றன. வேரும் பச்சிலையும் நசுங்கிய வாசனை எண்ணெயிலும் உண்டு, காட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும் வெள்ளத்திலும் உண்டு. அதற்கு அஞ்சாதிருக்கத்தான் புதியவற்றை அவன் பழக்கியிருந்தான்.

“கூட்டத்த மேல ஏத்துக்கா.”

“மறுபடியுமா? இந்தத் தடவ யூனிபார்ம உருவிருவாங்கலே.”

“பெட்டி சொல்லுதுக்கா. ஏத்து.”

அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

“ஆமாலே... இங்கன பச்சிலை வாசம் வருது.”

விசிலை நீளமாக ஊதினாள். “ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!” படிகளில் கால்கள் தடதடத்தன. பிறகு மலையே உருண்டு வருவதுபோல ஓர் இரைச்சல். “அண்ணாச்சி, எள்ள கீழ போட்டுட்டு கைய குடுங்க!” அவள் இன்னும் தண்ணீரோரம்தான் நிற்கிறாள்.

“அக்கா, நீ ஏறு!”

விசில் நின்றது. போனில் தண்ணீர் மட்டும் கேட்டது.

திரையில் பழையவை மேட்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. அவன் திருத்திய புதியவை மேய்ந்துகொண்டிருந்தன.