ஆள் வேண்டாத பெட்டி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை டாக்டருக்குக்கூட அவள் அக்காதான். இருபத்தாறு வருடமாக, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தனியாகப் படியேறும்போதும் வாய் தானாக அதையே முணுமுணுக்கும்.

அவளுடைய பழைய கார் அந்த மாதம் மூன்றாவது தடவையாகப் படுத்துக்கொண்டது. சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்றதோடு சரி. முதல் தடவை ஆஸ்பத்திரி வாசல் காவலாளி நாலு பேரைத் திரட்டித் தள்ளிக் கிளப்பிவிட்டார். இரண்டாவது தடவை மருந்துக்கடைக்காரர் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டு பேட்டரிக்கும் ஒயர் மாட்டிக் கிளப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்குள் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மெக்கானிக் வந்து பேட்டரியைச் சோதித்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குக்கா. வீட்டுலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"அதான் சங்கதி. கிளப்புறதுக்கு எடுத்த கரண்ட்டைத் திரும்ப ஏத்துறதுக்குள்ள வண்டியை நிறுத்திடுறீங்க. லீவு நாள்ல தூரமா எங்கயாவது போயிட்டு வாங்க."

"எங்க போறது?"

இடம் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவர் மூன்று இடங்களின் பெயரைச் சொன்னார். அவள் சாவியைப் பையில் போடுவதைப் பார்த்ததும், "இல்லேன்னா ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வச்சுக்கோங்க. வண்டியைக் கிளப்புற அளவுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி, கையடக்கமா இருக்கும். இன்னொரு வண்டி வேணாம், இன்னொரு ஆளும் வேணாம்" என்றார்.

முன்பெல்லாம் அந்த இன்னொரு ஆள் அவளுடைய தம்பிதான். நாலு தெரு தள்ளி இருந்தான். வண்டி நின்றுவிட்டது என்று போன் போட்டால், தன் காரோடும் ஒயரோடும் வந்து நிற்பான். "இந்த டப்பாவை எடைக்குப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டிக்கொண்டே கிளப்பித் தருவான். பிறகு மேலே வந்து டீ குடித்து, பாத்திரத்தில் மிச்சமிருப்பதை வழித்துத் தின்றுவிட்டுப் போவான். நாலு மாதத்துக்கு முன் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு வெகுதூரம் போய்விட்டான். போகும்போது, "ஏதாவதுன்னா கூப்பிடு" என்றான். அவ்வளவு தூரத்திலிருந்து அவனைக் கூப்பிடும் அளவுக்கு ஏதாவது என்று ஒன்றும் நடக்கவில்லை.

கார் சாமான் கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். அக்கா இயந்திரங்களோடு குடித்தனம் நடத்துகிறவள். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"முன்னால ரெண்டாயிரம் ஆம்பியர்னு போட்டிருக்கு. பின்னால நானூறுங்குது?"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "முன்னால இருக்கிறது கண்ணிமைக்கிற நேரம் வர்றது. வண்டியைக் கிளப்பப் போறது பின்னால இருக்கிறதுதான். பெட்ரோல் வண்டியா?"

"பெட்ரோல். சின்ன வண்டி."

"அப்ப நானூறே தாராளம். இந்தப் பெருசு டீசல் வண்டிக்காரங்களுக்கு. காத்தடிக்கிற பம்பும் சேர்ந்திருக்கு, ஆனா தூக்கிட்டு நடக்கணும். வீட்டுல யாரு மாட்டுவாங்க?"

"நான்தான்."

"சார்?"

"சார்னு யாரும் இல்லம்மா."

அந்தப் பெண் நடுவில் இருந்த பெட்டியை முன்னால் நகர்த்தினாள். "அப்ப இதை எடுத்துக்கோங்க. சிவப்பையும் கறுப்பையும் மாத்தி மாட்டினா கத்தும், கரண்ட் விடாது. பக்கத்துல நின்னு சொல்ல ஆளில்லேன்னாலும் பயமில்ல. வெயில்ல வண்டிக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் மறுபடியும் சண்டித்தனம் பண்ணியது. அக்கா முன்மூடியைத் திறந்து, பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை ஓரமாக விரித்து வைத்தாள். சிவப்பு முதலில், கறுப்பு அடுத்து. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பிவிட்டது.

"கிளம்பிடுச்சு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏழெட்டுக் கார்கள் நின்றன. மூன்றாவது மாடியில் யாரோ போர்வையை உதறி உள்ளே எடுத்துப் போனார்கள்.

ஒயர்களைக் கழற்றிப் பெட்டியை மூடியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இனி வண்டி நின்றால்கூட யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தம்பிக்குப் போன் பண்ண இருந்த ஒரே சாக்கும் போயிற்று. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்மூடியைச் சாத்திவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். "என்னக்கா, வண்டி படுத்துடுச்சா?"

"இல்லடா. ஓடுது. சத்தம் கேக்கலையா?"

"அப்ப உடம்புக்கு எதாவது?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" என்றான். "நான் கடையில நிக்கிறேன்க்கா, பில் போடுறாங்க. வச்சுடட்டுமா?"

"வை, வை."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டிருக்கவே வேண்டாமோ என்று நினைத்தாள். கியரைப் போடப் போன நேரத்தில் போன் அடித்தது.

"பையெல்லாம் வண்டியில வச்சுட்டேன்" என்றான் தம்பி. "இப்ப சொல்லு. நிஜமாவே சும்மாதானா?"

"நிஜமாவே சும்மாதான்டா."

"சரி" என்றான். ஆனால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.