நபீலின் ஹம்பர் என்ன விலை

மூன்று லட்சமாம்… மூன்று லட்சம், அதுவும் என் கைக்கு வந்ததாம், யா அல்லாஹ், இந்த மனுசி என்ன சொல்கிறாள், பிளேன்டீக் கோப்பை என் கையில் பாதியில் நிற்கிறது, வாய்க்கும் போகவில்லை, பீரிசுக்கும் திரும்பவில்லை. "மஹ்ரூப் நானா, ஹம்பர் சைக்கிள நீங்க அவருக்கு மூணு லச்சத்துக்குத் தானே குடுத்த?" அவ்வளவு தான் கேட்டாள் ஜஹானா, திரைக்குப் பின்னால் இருந்து, சத்தம் கூட்டாமல், கடையில் சீனி விலை கேட்கிறமாதிரி. அவள் புருஷன், என் கூட்டாளி நபீல் மௌத்தாகி ஆறு கிழமை, அவள் இத்தா மறைவில் இருக்கிறாள், இன்னும் மூன்று மாதத்துக்கு என்னைப் போன்ற வெளி ஆம்பிளைகளுக்கு அவள் குரல் மட்டும் தான், முகம் இல்லை, முகம் தெரிந்தாலாவது இது கேள்வியா குற்றச்சாட்டா என்று கண்டுபிடித்திருக்கலாம்… திரையில் பச்சைப் பூ, பச்சைப் பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைப் பூ, அதைப் பார்த்து என்னத்தைப் படிப்பது. எதிர்க் கதிரையில் அவளுடைய தம்பி ருஷ்தி, கட்டாரில் இருந்து லீவில் வந்தவன், நான் வந்த நேரத்தில் இருந்து போனைத் தடவிக்கொண்டு இருந்தான், இப்போது அந்த விரலும் நின்றுவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே பழைய பெட்சீட் போர்த்தி அந்த ஹம்பர் நிற்கிறது, பெட்சீட்டுக்குக் கீழே முன் சில்லு மட்டும் தெரிகிறது.

முப்பத்தைந்தாயிரம், நான் விற்றது முப்பத்தைந்தாயிரம், அதில் சந்தேகமே இல்லை, முந்தின வருஷம் நோன்புக்கு முன்னால், அக்குறணையில் என் கடையில், பாத்ரூம் டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நபீல் ஏழு ஐயாயிரம் தாளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தான், ஏழாவது தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது, "மச்சான், ஒட்டித் தாறன், பேங்கில எடுப்பாங்க" என்று அவனே செலோடேப் கேட்டு ஒட்டினான். உஸ்தாத் மாதிரி, இல்லை, அவன் உஸ்தாத் தானே, இருபத்தைந்து வருஷம் கணக்குப் படிப்பித்தவன், வகுப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தவன்… முப்பத்தைந்துக்குக் கொடுத்தது கூட கூட்டாளி விலை, முன் சில்லின் ரிம் அசல் இல்லை, இந்திய ரிம், ஆனால் பின் ஹப்பில் 52 என்று வருஷம் அச்சாக இருக்கிறது, முன் ஃபோர்க் இரட்டைக் கம்பி, ஹம்பருக்கு மட்டும் உள்ள இரட்டைக் கம்பி, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நபீல் ஒரு கிழமை தூங்கவில்லை என்று சொன்னான். கொண்டு போடா, வீட்டில் இடமில்லை, என் பொஞ்சாதி ஜெஸீமா கத்துகிறாள் என்று நான் தான் சொன்னேன். ஏழு தாள். அதை எப்படிப் பெருக்கினாலும் மூன்று லட்சம் வராதே.

ஆனால் யாராவது நம்பாமல் இருப்பார்களா, அது தான் பயங்கரம், நம்புவார்கள், இன்றைக்கு யார் கேட்டாலும் நம்புவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் நபீலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலையத் தொடங்கியபோது பழைய சைக்கிள் என்றால் இரும்புக்கடைச் சாமான், கலகெதரையில் ஒரு ரலி சைக்கிளை நாலாயிரத்துக்கு எடுத்தோம், கொடுத்தவர் இரண்டு தேங்காயும் சேர்த்துத் தந்தார், சனியன் போய்த் தொலைந்ததே என்று. இந்த ஹம்பரே நாவலப்பிட்டியில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற லெட்சுமணன் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது, "எடுத்துக்கிட்டுப் போங்க சார், மழையில கெடந்து துருப் புடிக்குது" என்றார் அந்த மனுசன், ஆறாயிரம். பிறகு பேஸ்புக்கில் குரூப் வந்தது, இறக்குமதி நின்றது, டொலர் ஏறியது, பெற்றோல் வரிசையில் ஊரே கிடந்த காலத்தில் சைக்கிள் என்ற சொல்லுக்கே விலை வந்தது, ஹோட்டல்காரர்கள் வரவேற்பறையில் பூச்சட்டி வைப்பதற்கென்று ரலி தேடினார்கள், பூச்சட்டி வைக்க! ஒரு தோல் சீட் மட்டும் அறுபத்தைந்தாயிரம், ஒரு மணி, டிங் என்று அடிக்கிற வெறும் மணி, ஒன்பதாயிரம், போன மாதம் குரூப்பில் ஒருவன் துருப்பிடித்த லாம்பைப் போட்டு இருபத்திரண்டு என்று எழுதினான், நான் இருபத்திரண்டு நூறு என்று நினைத்தேன், ஆயிரமாம். லெட்சுமணனும் போன வருஷம் போன் எடுத்தார், "அந்த சைக்கிள நெட்ல பாத்தேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவன் ஒருவன் கூட வீட்டில் உண்மை விலை சொல்வதில்லை, எல்லாரும் குறைத்துத் தான் சொல்வோம், எழுபதாயிரத்துக்கு வாங்கியதை ஏழு என்று சொல்லித் தான் நானே ஜெஸீமாவிடம் தப்புகிறேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதில் எங்களுக்கு மிஞ்சி ஆளில்லை. குறைத்துத் தானே சொல்ல வேண்டும் நபீல், ஏன்டா கூட்டிச் சொன்னாய்.

கூட்டிச் சொன்னால்… கூட்டிச் சொன்னால் வீட்டில் இருந்து அவ்வளவு காசு எடுத்திருக்கிறான் என்று தானே அர்த்தம், மூன்று லட்சத்தை எடுத்து, முப்பத்தைந்தை என்னிடம் தந்து, மிச்சத்தை… இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தை என்ன செய்தாய். வாத்தியார் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய காசு. கடனா, யாரிடம், அவன் யாரிடமும் கடன் வாங்கினதாக நான் கேள்விப்படவில்லையே, சூதா, சீட்டாட்டமா, கடுதாசிக் கூட்டத்தைக் கண்டால் பாதை மாறிப் போகிறவன், அல்லது வேறு ஒரு… குருநாகல் பக்கம் அடிக்கடி போவானே, ரிம் பார்க்க, ரிம் பார்க்க என்று, எத்தனை தடவை ரிம் பார்ப்பது, கடைசியில் அந்த இந்திய ரிம்மையும் மாற்றவில்லையே… சீ, என்ன மனம் இது, மண் காயாத மய்யித்தைப் பற்றி இப்படியா நினைப்பது. அவனைக் குளிப்பாட்டின மூன்று பேரில் நானும் ஒருவன், இந்தக் கையால் தான் தண்ணீர் ஊற்றினேன், குளிப்பாட்டுகிறவன் கண்ணில் பட்ட குறை அவனோடு முடிய வேண்டும், வெளியில் வரக் கூடாது, சின்ன வயதில் ஓதிப் படித்தது. உடம்பில் ஒரு குறையும் நான் காணவில்லை. இப்போது தான் காண்கிறேன், அவன் வீட்டுக் கதிரையில், அவன் வீட்டு பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு.

உண்மையைச் சொன்னால் அவன் பொய்யன். பொய்யைச் சொன்னால் நான் கொள்ளைக்காரன், ஆறாயிரத்துக்கு எடுத்த பழைய இரும்பை ஒரு வாத்தியாருக்கு மூன்று லட்சத்துக்குத் தலையில் கட்டிய கூட்டாளி. எது பரவாயில்லை… என்னைத் திட்டினால் நான் உயிரோடு இருக்கிறேன், தாங்குவேன், அவனைத் திட்டினால் அவன் எழும்பி வந்து பதில் சொல்ல முடியாதே. அப்படியென்றால் நீங்களே திருப்பி எடுங்கள் என்று அடுத்ததாகக் கேட்பாள், மூன்றைத் தா என்பாள், தரலாம் தான், ரிம்மை மட்டும் மாற்றினால் இன்றைய நாளில் மூன்றரைக்கு ஒரு ஹோட்டல்காரன்… அஸ்தஃபிருல்லாஹ், நான் என்ன செய்துகொண்டு இருக்கிறேன், மௌத்து வீட்டில் இருந்துகொண்டு லாபம் பார்க்கிறேனா. பார்க்கிறேன் தான். இங்கே வரும்போதே பார்த்துக்கொண்டு தான் வந்தேன், அலவத்துகொட வளைவில் மோட்டர்சைக்கிளைத் திருப்பும்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், "தங்கச்சி, நபீல்ட முகத்துக்காக ஹம்பருக்கு அம்பது தாறன்" என்று, ஐம்பதாயிரம், அது பெரிய தர்மம் என்ற நினைப்பு வேறு. அவளுக்கு விலை தெரியாது என்று நினைத்துத் தானே வந்தேன், இல்லாவிட்டால் ஆறாம் கிழமையிலேயே வருவேனா, யார் கூப்பிட்டது என்னை. என் முகத்தை என்னாலேயே பார்க்க முடியாதுபோல் இருக்கிறது, நல்ல வேளை நடுவில் ஒரு திரை.

"மஹ்ரூப் நானா?" என்கிறாள். எவ்வளவு நேரம் போயிருக்கும், ஒரு நிமிஷமா, பிளேன்டீயில் ஆவி இல்லை, கோப்பையைப் பீரிசில் வைத்தேன், டக் என்று சத்தம் வந்தது, ருஷ்தி நிமிர்ந்து பார்த்தான். மூட வேண்டும், மய்யித்தின் குறையை மூட வேண்டும், மற்றதை ரப்பு பார்த்துக்கொள்வான், தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல தெளிவாக, பின்னால் யாரும் திருப்பிக் கேட்காதபடிக்கு, "ம், மூணு தான் தங்கச்சி, மூணு லச்சம், காசா தந்த" என்றேன். காசாகத் தந்தான் என்று கூட ஏன் சேர்த்தேன், கேட்டாளா, பொய் சொல்கிறவனுக்கு வாய் நீளம். ஆனால் சொன்னதும் நெஞ்சில் ஒரு லேசு, நபீல், உன்னைக் காப்பாற்றிவிட்டேன்டா, உன் பொஞ்சாதிக்கு முன்னால் உன் வார்த்தை நின்றுவிட்டது.

திரை அசையவில்லை. பிறகு, அதே சீனி விலைக் குரலில், "அவரு என்கிட்ட ரெண்டேகால் எண்டு தான் நானா சொன்ன. என்ட சீட்டுக் காசு, ரெண்டேகால் லச்சம், நான் தான் எடுத்துக் குடுத்த. நீங்க அவர்ட கூட்டாளி, எத்தினயச் சொன்னாலும் ஆமாண்டு தான் சொல்லுவீங்கண்டு நினச்ச. அதான் மூணுண்டு கேட்டுப் பாத்த" என்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டேன், அதுவும் பெருநாள் காசு எண்ணுவதைத் தவிர வேறு கணக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்த மனுசியிடம். ருஷ்தி போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான், அவனுக்கும் இது புதிது என்று முகம் சொல்கிறது, அவன் என்னைப் பார்க்கவில்லை, படிக்கட்டுக்குக் கீழே அந்தப் பெட்சீட்டைப் பார்க்கிறான். எழும்பிப் போய்விடலாமா, கடையில் சாமான் வந்திருக்கிறது என்று சொல்லலாமா, லொறி நிற்கிறது, ரெஜிஸ்டரில் கையெழுத்து… "அப்ப உண்மையில எவ்ளோ நானா?" என்று வந்துவிட்டது. இனி எதை மூடுவது, மூடி எங்கே இருக்கிறது.

"முப்பத்தஞ்சு" என்றேன், இன்னொரு தடவை, "முப்பத்தஞ்சாயிரம்." இப்போது தான் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம், கதிரைக் கால் சிமெந்தில் இழுபட்ட சத்தம். அவன் கூட்டிச் சொன்னது இருபது முப்பதாயிரம் என்று ஏதோ அவள் நினைத்திருப்பாள், கூடப்போனால் ஐம்பது, ஒரு சின்னச் சுத்துமாத்து, ஆம்பிளைகள் செய்கிறது தானே என்று… ஒரு லட்சத்துத் தொண்ணூறு என்று அவள் நினைத்திருக்கமாட்டாள், நான் வாயைத் திறக்கும்வரை அவளுக்கு அது தெரியாது, நான் தான் சொன்னேன், மூட வந்தவன் நான் தான் திறந்து விட்டேன். "அப்ப மத்தக் காசு எங்க நானா?" இந்தத் தடவை சீனி விலைக் குரல் இல்லை, வேறு குரல், இதைப் போன்ற ஒரு குரலை ஜனாஸா தூக்கின அன்றைக்குக் கூட இந்த வீட்டில் நான் கேட்கவில்லை. "தெரியா தங்கச்சி. வல்லாஹி எனக்குத் தெரியா."

"அவரும் இப்பிடித் தான் நானா, வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணித் தான் சொல்லுவாரு" என்றாள்.

உண்மை தங்கச்சி, இது உண்மை, எனக்குத் தெரியாது, ஒரு துளி கூடத் தெரியாது, எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பது நியாயம் தான், பன்னிரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல், ஒரே மோட்டர்சைக்கிளில், கடுகண்ணாவ ஏற்றத்தில் அவன் தாடை என் தோளில் இடிக்க இடிக்க, எந்த ஊரில் எந்த வீட்டில் எந்த மொடல் நிற்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம், அவனுக்கு மனப்பாடமானது எனக்கும் மனப்பாடம், அவன் கையில் எத்தனை லாம்ப், எத்தனை மணி, எந்த ஹப்பில் என்ன வருஷம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்… ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, சுகமாடா, வீட்டில் எப்படி, ஏன் முகம் வாடியிருக்கிறது, குருநாகலில் யார் இருக்கிறார்கள் என்று, சைக்கிளைத் தவிர வேறு எதையாவது நான் அவனிடம் கேட்டிருக்கிறேனா, யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் யோசித்துக்கொண்டு தான் இருக்கிறேன், ருஷ்தி ஆறிப்போன என் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான், ஒன்று கூட, ஒரு கேள்வி கூட ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறதே…