கார்டில் வளர்ந்த மங்குஸ்தான்

நாவலாசிரியர் ஆவுடைநாயகம் இந்தச் சாரல் சீசனுக்கு வருகிறார் என்று அவர் கடிதத்தில் படித்ததும் வடிவம்மாளுக்கு உலை பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. மங்குஸ்தான் கன்றுகளைக் காட்ட நண்பர்களையும் கூட்டி வருகிறாராம்.

ஆய்க்குடியில் பிறந்து சென்னையில் பேர் வாங்கியவர் அவர். குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் ஒரு வீடு வாங்கி, வடிவம்மாளையும் அவள் கணவன் பேச்சிமுத்துவையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பின்கட்டில் குடிவைத்திருந்தார். பேச்சிமுத்துவுக்கு எழுத்து வராது. கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள்தான். அவர் சொன்னபடி மங்குஸ்தான் கன்றுகள் வைத்தார்கள். மறுவாரமே ஆடுகள் புகுந்து குருத்தோடு தின்றுவிட்டன. வேறு கன்று கேட்டால் நாற்றுப் பண்ணையில் தீர்ந்துபோயிருந்தது. நடந்ததை எழுதத்தான் கார்டை எடுத்தாள். அதற்குள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. காய்ச்சலில் படுத்திருக்கிறாராம், கன்றுகளை நினைத்தால்தான் தெம்பாக இருக்கிறதாம். ‘புதுத் தளிர் விட்டிருக்கிறது’ என்று எழுதிவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒரு கார்டில் கன்றுகள் முழங்காலைத் தொட்டன. இன்னொன்றில் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கன்றுகளைக் காட்டிச் சமாளிக்கச் சொன்னான் பேச்சிமுத்து. அவளுக்கு மனம் வரவில்லை. கார்டில் எழுதியதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? வேலை போனால் குடியிருக்கும் இடமும் போகும். இருந்தாலும், தென்காசி ஸ்டேஷனிலிருந்து கார் வந்து நின்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

“அய்யா, கன்னு ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ஆடு தின்னுட்டு. நான் எழுதுனது பூராம் பொய்யி.”

ஆவுடைநாயகம் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது, சென்னைப் பேச்சும் கழன்றுகொண்டது.

“மெள்ளச் சொல்லுங்கம்மா. என் கையால குழி தோண்டி நட்டேன்னு நான் பத்திரிகையிலயே எழுதிட்டேன். ஒங்க தேன்சிட்டையும் சேத்துத்தான்.”

வடிவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். அவர் தோளும் குலுங்கியது.

பண்ணையில் இப்போது கன்று வந்திருப்பதாக அவள் சொன்னாள். நண்பர்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு பேச்சிமுத்துவுக்கு. அவசரப்படாமல் குளிக்கவைக்கும்படி ஆவுடைநாயகமே சொல்லி அனுப்பினார்.

ஈரத் தலையோடு அவர்கள் திரும்பியபோது தூறல் வலுத்திருந்தது. பெயர்பெற்ற எழுத்தாளர் வேட்டியை மடித்துக்கட்டி, சேற்றில் மண்டியிட்டு, ஒரு சாண் கன்றைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார். வடிவம்மாள் குடை பிடித்திருந்தாள், அவருக்கல்ல, கன்றுக்கு. பின்னால் நண்பர்கள் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.