நத்தமேடு நிலையத்தின் பின்பக்கம்

பட்டுப்புடவைப் பெட்டியைக் காரின் பின் இருக்கையில் வைத்து, அது சரிந்துவிடாமல் ஒரு தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்து, மணிவண்ணன் கதவைச் சாத்தினார். அத்துடன் நத்தமேடு ரயில் நிலையத்தின் கள ஆய்வு இனிதே முடிந்தது.

காஞ்சிபுரத்துக்கு மேலிடத்திலிருந்து யார் எதை ஆய்வு செய்ய வந்தாலும் அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. பாலமோ, பள்ளிக்கூடமோ, பாதாளச் சாக்கடையோ, முதலில் அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று, விரலை எங்கேயாவது நீட்டி ஒரு புகைப்படம். அடுத்தது கோயிலில் வரிசையில் நிற்காத தரிசனம். மூன்றாவது புடவைக் கடை. உண்மையான ஆய்வு அங்கேதான் நடக்கும். பார்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள், ஜரிகையை நகத்தால் சுரண்டுவார்கள், முந்தானையில் ஓர் இழை விட்டிருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவார்கள். அந்தக் கவனத்தில் கால் பங்கை முதல் கட்டத்தில் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

திட்ட அலுவலகத்தில் உதவியாளரான மணிவண்ணனுக்கு இந்த மூன்று கட்டமும் அத்துப்படி. எந்தக் கடையில் அதிகாரி விலை போடுவார்கள், எந்த ஓட்டலில் ஏசி ஒழுங்காக வேலை செய்யும் என்பதெல்லாம் பதினெட்டு வருட சர்வீஸில் அவர் சேர்த்து வைத்த ஞானம். சென்னையிலிருந்து வந்திருந்த இணை இயக்குநர் நமச்சிவாயம் காரில் ஏறும்போது அவர் தோளில் தட்டினார்.

"மணி, இந்த ஃபைல் நல்லபடியா முடியட்டும். சூப்பிரண்டெண்ட் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான்யா எழுதப் போறேன்."

மணிவண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த ஃபைலில் இருந்த நத்தமேடு, ஏனாத்தூரையும் தாண்டி, ஊரை விட்டு ஒதுங்கிக் கிடக்கிற ஒரு புறநகர் நிலையம். இரண்டு நடைமேடை, ஒரு டிக்கெட் கவுன்டர், ஒரு புளியமரம். முன்பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு தார்ச்சாலை வந்து நிற்கும். அதன் இரண்டு பக்கமும் மனைக் கற்களும், மனை விற்பனைக்காரர்கள் நட்ட கலர் கலர்க் கொடிகளும்தான் குடியிருக்கின்றன. பின்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டினால் காலனியும் அதை ஒட்டி நாலைந்து தெருக்களும் இருக்கின்றன. இந்த நிலையத்தைச் சுற்றி ஒரு புது நகரம் கட்டுவதுதான் திட்டம்.

நிலையத்தை ஒட்டியே வீடும் கடையும் இருந்தால் ஜனங்கள் நடந்து வந்து ரயில் ஏறுவார்கள், சாலையில் காரும் புகையும் குறையும். அருமையான யோசனை, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அருமையான யோசனை நம்முடைய ஆட்கள் கையில் கிடைத்தால் அது என்ன பாடு படும் என்பதற்கு வரைபடமே சாட்சி. நானூறு கார் நிறுத்த ஓர் அடுக்கு மாடி. சென்னையிலிருந்து புடவை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பட்டு மால். கோபுரம் போல ஒரு நுழைவு வளைவு. காலனி இருக்கும் பின்பக்கத்துக்கு மட்டும் நிலையத்தின் நீளத்துக்கு எட்டடி உயர மதில். நடந்து வருகிறவர்களுக்கு என்று அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அப்படி யாரும் வருவதில்லை என்று கணக்கெடுப்பு சொல்லியிருந்தது.

கணக்கெடுத்தவர் மணிவண்ணன். இரண்டு நாள், காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை, முன்பக்கத்துப் புளியமரத்தின் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார். அந்த நேரத்தில் நத்தமேட்டில் எந்த ரயிலும் நிற்காது. முதல் நாள் ஒருவர் நாலு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவரும் வரவில்லை. "நடந்து வருவோர் குறிப்பிடும்படி இல்லை, நேரில் பார்த்து எண்ணியது" என்று அலுவலகத்துக்குத் திரும்பி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அங்கே நிழல் கிடையாது.

ஆய்வுக்கு மறுநாள் கருத்துக் கேட்புக் கூட்டம். புதன்கிழமை பதினோரு மணிக்கு, அலுவலகத்தின் மாடி அரங்கில். ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்நேரம் வேலையில் இருப்பார்கள். அதற்காகவேதான் அந்த நேரம். ஆகவே வந்திருந்த பொதுமக்கள் யார் என்றால் மனைத் தரகர்கள், மால் கட்டப் போகிறவர்கள், கவுன்சிலர் வரதராஜன், அவருக்குக் கைதட்ட நாலு பேர். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று விதி இருந்ததால் ஒரு கேமராவும் இருந்தது. திட்டம் ஊரின் தலையெழுத்தையே மாற்றும் என்றார் வரதராஜன். கைதட்டினார்கள். மெதுவடை வந்தது, டீ வந்தது.

"ஆட்சேபணை யாருக்காவது இருக்கா?" என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார் நமச்சிவாயம். கேட்டுவிட்டு எழுந்திருக்கவும் பார்த்தார்.

"இருக்குது சார்."

குரல் டீ தட்டிலிருந்து வந்தது. தட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டு நின்றாள் எஸ்தர், அந்த அலுவலகத்தைப் பெருக்கி, மேஜை துடைத்து, டீ கொடுக்கும் ஒப்பந்தப் பணியாள்.

"யாரும்மா நீ?"

"இங்கதான் சார், அஞ்சு வருஷமா கான்ட்ராக்டுல வேல செஞ்சிக்கினு இருக்கேன். வூடு நத்தமேடு காலனி. மதில் வரப் போவுதுன்னு படத்துல செவப்புக் கோடு போட்டுக்கிறீங்களே, அதான் சார் எங்க வழி. அது வழியா லைனத் தாண்டித்தான் அத்தினி பேரும் ரயில் ஏறுறோம். அத அடைச்சிட்டா ரயில்வே கேட்டு வரைக்கும் போயி சுத்திக்கினு வரணும், மூணு கிலோமீட்டரு. காத்தால ரயில யாரால புடிக்க முடியும்? எங்க வேலைலாம் போயிடும் சார். ஒரு பாலம் போட்டுக் குடுங்க, ஏறி எறங்கிட்டுப் போறோம்."

நமச்சிவாயம் ஃபைலைப் புரட்டினார். "நடந்து வர்றவங்க யாரும் இல்லைன்னுதானே சர்வே சொல்லுது?"

"யாரு சார் எண்ணினது?"

அரங்கம் முழுக்க மணிவண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயில் பாதி வடை இருந்தது. ஐந்து வருடமாக இவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர், எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை. இப்போதும் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். பெருக்குகிறவளுக்கு வரைபடத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

கூட்டம் முடிந்ததும் நமச்சிவாயம் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "வீடியோல ஏறிப்போச்சுய்யா. ஆட்சேபணைய வாபஸ் வாங்கறேன்னு அவகிட்ட ஒரு லெட்டர் வாங்கிடு. நாளைக்குக் காலைல ஃபைல் மேல போவுது. தரலேன்னா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆளைப் போட்டுக்கலாம். உன் போஸ்ட்டு இதுலதான் இருக்கு, பார்த்துக்க."

கடிதத்தை மணிவண்ணனே தட்டச்சு செய்தார். அச்சாகி வருவதற்குள் சாயங்காலம் ஆகி, எஸ்தர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பைக்கை விரட்டிக்கொண்டு போய், காஞ்சிபுரம் நிலையத்தின் நடைமேடையில் அவளைப் பிடித்தார்.

"எஸ்தரு, ஒரு கையெழுத்தும்மா. ஃபார்மாலிட்டிதான்."

"இன்னான்னு படிச்சிட்டுப் போட்றேன் சார். கண்ணாடி வூட்டுல கீது, வாங்க."

படித்துவிட்டுத்தான் போடுவாளாம். தன் பேருக்கு மேல் இருப்பதைப் படிக்கிற பழக்கத்தைப் பதவி உயர்வுக் கனவு வந்த நாளிலேயே விட்டுவிட்ட மணிவண்ணனுக்கு அது திமிராகத் தெரிந்தது. ரயில் வந்துவிட்டதால் வேறு வழியின்றி ஏறினார்.

நத்தமேட்டில் ரயில் நின்றது. இறங்கிய கூட்டத்தில் புளியமரத்துப் பக்கம் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற அத்தனை பேரும் நடைமேடையின் பின்கோடிக்கு நடந்தார்கள். எஸ்தருக்குப் பின்னால் மணிவண்ணனும் பாலிஷ் போட்ட ஷூவோடு சரிவில் இறங்கி, ஜல்லியில் தட்டுத் தடுமாறிப் போனார். அங்கே ஓரத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தது. முன்னும் பின்னும் அதன் முனையே தெரியவில்லை.

"இது எப்பம்மா போகும்?"

"டிரைவருக்கே தெரியாது சார். சிக்னல் வுட்டாத்தான்."

யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் ஒவ்வொருவராகக் குனிந்து அடியில் நுழைந்தார்கள். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். பையை முதலில் வீசிவிட்டுத் தானும் போன கல்லூரி மாணவி. கரணையும் மட்டப்பலகையுமாக ஒரு கொத்தனார். நிறைமாதமாக இருந்த ஒருத்தியால் குனிய முடியவில்லை. ஜல்லியில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போனாள். அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். மணிவண்ணன் நுழையத் தைரியம் இல்லாமல், செய்ய வேறு எதுவும் இல்லாமல், நின்றுகொண்டே எண்ணினார். கடைசி ஆள் போனபோது இருநூற்றுப் பதினொன்று ஆகியிருந்தது.

"எஸ்தரு, நாம சுத்திக்கினு போயிடலாமா?"

"போங்க சார். மூணு கிலோமீட்டரு. நீங்க எங்களுக்குப் போட்டு வெச்சிருக்குற வழிதான் அது." சொல்லிவிட்டு அவள் குனிந்து போய்விட்டாள்.

மணிவண்ணன் கையையும் காலையும் ஊன்றி அடியில் புகுந்தார். பாதி தூரத்தில் தலைக்கு மேலே புஸ்ஸென்று பிரேக் காற்று இறங்கியது. இரும்போடு இரும்பு மோதி, அந்தச் சத்தம் பெட்டி பெட்டியாக அவரை நோக்கி வந்தது. அவருக்கு உடம்பு மரத்துப் போயிற்று. சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்த இழுப்பில் அவர் வெளியே வந்து விழுந்தார். பெட்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவர் உள்ளங்கை இருந்த இடத்தில் இப்போது சக்கரம் இருந்தது.

"எழுந்திருங்க சார்," என்றாள் எஸ்தர், காலரை விட்டுவிட்டு. "வாரத்துக்கு ஒருத்தருக்காச்சும் இப்டி ஆவும்."

அவர் எழுந்திருக்கவில்லை. ஜல்லியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள்.

"வூடு வரைக்கும் வேணாம் சார், இங்கியே படிச்சிக் காட்டுங்க. போட்டுத் தந்துட்றேன். கான்ட்ராக்டரு மத்தியானமே போன் பண்ணிட்டாரு. வூட்டுல ரெண்டு புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குது."

மணிவண்ணன் காகிதத்தைப் பிரித்தார். "நத்தமேடு நிலையத்தின் பின்பக்கம் மக்கள் யாரும் நடமாடுவதில்லை என்பதையும், நான் அறியாமையால் தவறாகப் பேசிவிட்டேன் என்பதையும்..." அதோடு நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நிறைமாதக்காரி பாதையில் மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தாள், அவள் புடவை முழுக்கக் கரி.

"இன்னாத்துக்கு சார் நிறுத்திட்டீங்க? நீங்க எழுதினதுதானே, படிங்க," என்றாள் எஸ்தர். அவள் உதட்டில் இருந்த சிரிப்பு எச்சில் துப்பியதை விட மோசமாக இருந்தது. "எங்க போடணும், அதயாச்சும் சொல்லுங்க."

கைபேசி அடித்தது. நமச்சிவாயம். "மணி, வாங்கிட்டியா?"

"வாங்கல சார்."

"ஏன், தர மாட்டேங்கறாளா?"

"தரேன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் வாங்கக் கை வரல. இருநூத்திப் பதிமூணு பேரு சார். ஒரே ரயிலுக்கு. இந்தம்மாவையும் என்னையும் சேர்த்து."

"என்னய்யா உளர்றே?"

"கண்ணால பாக்காம போட்ற கையெழுத்து பொய்சாட்சி சார். கோர்ட்டுல சொல்ற பொய்சாட்சி ஒருத்தனத்தான் உள்ள தள்ளும். ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து நான் போட்டது ஒரு ஊரையே ரயிலுக்கு அடியில தள்ளுது. நடந்து பாக்காதவனுக்கு வழிய அடைக்கவும் உரிமை இல்ல, போடவும் உரிமை இல்ல. புது ரிப்போர்ட் காலைல தரேன் சார். மதில் வேணாம், பாலம் வேணும்னு எழுதித் தரேன்."

"போஸ்ட்ட மறந்துடு," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார் நமச்சிவாயம்.

மணிவண்ணன் ஒரே நாளில் உத்தமராகிவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். போஸ்ட் போயிற்றே என்று அவருக்கு வயிறு எரிந்தது. எஸ்தராவது மெச்சிக்கொள்வாள் என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் மெச்சிக்கொள்ளவில்லை.

"வாயால சொல்றவங்கள நாங்க நெறையப் பாத்தாச்சு சார். காலைல ஆபீஸ் போனதும் உங்க மனசு மாறிடும். இப்ப சொன்னத இங்கியே எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மணிவண்ணன் அந்தக் கடிதத்தைத் திருப்பி, கிரீஸ் படாத பக்கத்தில் பின்பக்கம் நடந்தவர்கள் இருநூற்றுப் பதிமூன்று பேர் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பாலம் வேண்டும் என்பதையும் சேர்த்து, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தான் பார்த்த ஒன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.