சிப்பாய்க்கு ஒரு இஞ்ச் வாஷர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. எங்கள் மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் இணைப்பு ஒழுகியது. ஒரு இஞ்ச் ரப்பர் வாஷர் ஒன்று வாங்கலாமென்று கம்பத்தில் கார்த்திக்ராஜ் நடத்தும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கைப்பையிலிருந்து, ஈட்டி ஏந்திய கட்டைவிரல் உயரச் சிப்பாய் ஒருவனை எடுத்து, கடைக்காரர் நீட்டிய வாஷருக்குள் நிறுத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“எந்த பைப்புக்குக்கா?” என்றார் கார்த்திக்ராஜ்.

“பைப்புக்கு இல்ல தம்பி, சிப்பாய்க்கு. நாப்பது வேணும்.”

கடையில் இருந்ததே நாற்பதுதான். ஒன்றை மட்டும் விட்டுத்தர முடியுமா என்று கேட்டேன்.

“ஒண்ணு கொறஞ்சா ஒருத்தன் போருக்கு வர முடியாது சார். நீங்க ரெண்டு நாளைக்கு வாளி வச்சுப் பிடிங்க.”

வாளி வைத்தேன். ஆனால் எந்தப் போர் என்று கேட்காமல் கடையை விட்டு நகரவில்லை.

2

தொடக்கங்கள்:

‘மேற்கு மலையில் மேகம் இறங்கிய அந்தக் காலையில் உமாதேவி தன் படையைத் திரட்டி…’ (வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலை இல்லை.)

‘உமாதேவிக்குப் போர் என்றாலே பிடிக்காது. ஆனால்…’ (பொய். ரொம்பப் பிடிக்கும்.)

‘உமாதேவிக்கு நாற்பத்திரண்டு வயது.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(கடையில் ‘அவர்’ என்றேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி ‘அவள்’. அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மாற்ற வேண்டும், எழுத எழுதக் காட்ட வேண்டும் என்பவை அவளுடைய நிபந்தனைகள்.)

உமாதேவிக்கு நாற்பத்திரண்டு வயது. காமயகவுண்டன்பட்டியில் வீடு; கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழந்தையின் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். அவள் தம்பி வினோத்ராஜ் பெங்களூரில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் வீடு மாறியபோது, வண்ணம் பூசாத பொம்மைச் சிப்பாய்கள் நிறைந்த பெட்டி ஒன்றை அக்காவிடம் விட்டுப்போனான். மேசையைப் போர்க்களமாக்கி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டத்துக்கானவை அவை. சும்மா ஒருவனுக்கு வண்ணம் பூசிப் பார்த்தாள். நடுங்காத கைக்கு அது பிடித்துவிட்டது. நாற்பது பேரையும் முடித்ததும், இரண்டு படையாகப் பிரித்து, வீடியோ அழைப்பில் தம்பியோடு ஆட ஆரம்பித்தாள். அவன் வாயால் நகர்த்துவான். அவன் படைக்கும் இவள்தான் கை.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை போட்டி, பதினாறு பேர் ஆடுகிறார்கள் என்று வினோத்ராஜ்தான் அவள் பெயரைக் கொடுத்துவிட்டான். நேருக்கு நேர் யாரோடும் அவள் ஆடியதே இல்லை.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு சிப்பாயும் நிற்கும் வட்டத் தட்டு முப்பத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அவளுடையவை இருபத்தைந்து. ஒரு இஞ்ச் வாஷரின் துளை இருபத்தைந்து, வெளிவிளிம்பு முப்பத்திரண்டு. ஆகவே வாஷர்.

காயம்பட்ட சிப்பாய்க்குப் பக்கத்தில் வைக்க அடையாளக் காய்கள் வேண்டும். அதற்கு லேபில் ரத்தம் பிடிக்கும் சின்னக் குழாய்களின் சிவப்பு, ஊதா மூடிகளை எடுத்துக்கொண்டாள். (உமாதேவி இங்கே என்னைத் திருத்தினாள்: “காலாவதியாகித் தூக்கிப்போட வச்சிருந்த புதுக் குழாய்னு தெளிவா எழுதுங்க சார். எங்க டாக்டரும் வாசிப்பாக.”)

3

இப்போது கணவர். இவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

ஈஸ்வரபாண்டி திராட்சை விவசாயி. மதுரையில் லேப் ட்ரெயினிங் என்று உமாதேவி அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் பொய் என்று கேட்டேன். “சிரிச்சுருவாக சார்,” என்றாள். “வேற யாரு சிரிச்சாலும் போகட்டும்னு விட்ருவேன்.”

சனிக்கிழமை காலை, தோட்டத்துக்கு எடுத்துப்போகவென்று அடுக்கியிருந்த காலி திராட்சை அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் தூக்கினார் ஈஸ்வரபாண்டி. கனத்தது. திறந்தார். உள்ளே முப்பத்தொன்பது ஈட்டிகளும் ஒரு கொடியும் அவரைப் பார்த்து நின்றன.

“என்னா உமா இது?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ட்ரெயினிங் இல்லை என்பதையும் சேர்த்து. அவர் ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். சிரிக்கவில்லை.

“இப்பிடியா அடுக்குறது? உசிலம்பட்டி தாண்டுறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு முட்டிச் செத்துரும்.”

வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். திராட்சைக் கொத்து நசுங்காமல் சந்தைக்குப் போக என்ன செய்வாரோ அதையே செய்தார்: அடியில் காகிதம், நடுவில் நுரைத்தாள், இடைவெளி விடாமல் நெருக்கி நெருக்கி…

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். கணவர் மனம் மாறுகிறார், தன் தொழிலை வைத்தே மனைவிக்கு உதவுகிறார். கதைக்கு ரொம்ப வசதி. வாசகர் நம்புவாரா? உமாதேவியிடமே கேட்டேன். “அவசரப்படாதீக,” என்றாள். “மிச்சத்தையும் கேளுங்க.”)

மிச்சம் இது. திராட்சை அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பிளாஸ்டிக் ஈட்டி கொடுக்காது. மூடியை அழுத்தியதும் ‘டப்’ என்று மூன்று சத்தம். இரண்டு ஈட்டி, ஒரு கொடிக்கம்பு.

“ஆறு மாசமாப் பூசுனேங்க!” என்று கத்தினாள். “உங்கள யாரு அடுக்கச் சொன்னா?”

ஈஸ்வரபாண்டி எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள், முதல் பிரதியில் நானும் அப்படித்தான் எழுதினேன். அரைமணி நேரத்தில் கையில் ஒரு சுருள் மெல்லிய கம்பியோடு திரும்பினார். பந்தலில் திராட்சைக் கொடி கட்டும் கம்பி.

“ஒடஞ்ச எடத்துல ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு இதச் சொருகி ஒட்டு. பந்தலே இதுலதான் நிக்குது. ஈட்டி நிக்காதா?”

ஓட்டை அவள் போட்டாள். ஊசி பிடித்த கை. கம்பியை அளந்து வெட்டியது அவர். மூன்றும் நின்றன.

“நாளைக்கு நானும் வாரேன்,” என்றார். “பெட்டிய மடியில வச்சுக்க ஒரு ஆளு வேணும்ல.”

4

மதுரையில் நடுவர் ஸ்கேலோடு வந்தார். ஒரு வாஷரை அளந்தார், இன்னொன்றை அளந்தார், குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். “ரப்பரா?” என்றார். “ஓகே.”

முதல் ஆட்டம் தோற்றாள். இரண்டாவதும் தோற்றாள், அதைவிட மோசமாக. எதிராளிகள் வேகமாக ஆடினார்கள். இவளோ, பழக்கத்தில், அவர்கள் காயையும் தானே நகர்த்தக் கை நீட்டினாள்.

மூன்றாவது ஆட்டம் போடிக்காரன் ஜாஸ்பரோடு. கல்லூரியில் படிக்கிறவன். கடைசிச் சுற்று. ஒட்டுப்போட்ட கொடிக்கம்புக்காரன் மட்டும் மேட்டில் நிற்கிறான். ஐந்தோ ஆறோ விழுந்தால் மேடு கொடிக்காரனுக்கு, ஆட்டம் உமாதேவிக்கு.

உருட்டினாள். பகடை ஒரு குழாய் மூடியில் பட்டுத் துள்ளி, மேசையைத் தாண்டிக் கீழே விழுந்தது. ஈஸ்வரபாண்டி வேட்டியை மடித்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார்.

“ஆறு! உமா, ஆறு!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜாஸ்பர் சிரித்துக்கொண்டே, “இருக்கட்டும்க்கா, ஆறுன்னே வச்சுக்கங்க,” என்றான்.

“இல்ல தம்பி. கீழ விழுந்தா செல்லாது. மறுபடி உருட்டுறேன்.”

“ஏய், ஆறு உமா! நான் கண்ணால பாத்தேன்!”

“நீங்க பாத்தா சட்டம் மாறிருமா? பகடைய எடுத்துக் குடுங்க.”

கொடுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

5

முடிவு ஒன்று: ஐந்து விழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். கைதட்டல் எனக்கே கேட்டது, அவளைக் காணவில்லை.)

முடிவு இரண்டு: இரண்டு விழுகிறது. வெளியே வந்து ஈஸ்வரபாண்டி ஜிகர்தண்டா வாங்கித் தருகி… (மதுரை என்றதும் எழுதுகிறவன் கை தானாகப் போகும் இடம். அடித்துவிட்டேன்.)

உண்மையில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். உமாதேவியே சொன்னாள், சொன்ன கையோடு தடையும் போட்டாள்.

“அந்த நம்பர மட்டும் எழுதாதீக சார். எழுதுனா வாசிக்கிறவுக அதத்தான் பாப்பாக. ஆறு வேணாம்னு சொன்னது நானு. அங்கனயே விடுங்க.”

விட்டுவிடுகிறேன். அவள் பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டிருக்கிறாள். கணவர் இன்னும் முழங்காலில் நின்று, மேசை விளிம்புக்கு மேல் கண்களை மட்டும் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் பகடை இருந்தால் எடுங்கள். அவளுக்காக ஒருமுறை உருட்டுங்கள். ஐந்தோ ஆறோ விழுந்தால் அவள் ஜெயித்தாள். மற்றது எது விழுந்தாலும் தோற்றாள். அதில் நான் தலையிட மாட்டேன். மேசையைத் தாண்டி விழுந்தால் மட்டும், யாரும் பார்க்கவில்லை என்றாலும், மறுபடி உருட்டிவிடுங்கள்.