ஊற்றுவது வேறு துறை

பள்ளிக்கு நிதி திரட்டும் விற்பனை விழாவில் வேலை செய்யப் பெற்றோர் யாரும் வருவதில்லை என்ற கவலை பெற்றோர் சங்கத் தலைவரை வாட்டியது. வாட்டியது என்றால் அவர் மெலியவில்லை, கூட்டம் போட்டார். வேலை நாளாகப் பார்த்து, பட்டப்பகலில் போட்டார். வராதவர்களை அவர் வெளுத்து வாங்கியதை, வந்த நாலைந்து பேர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

தலைவருக்குச் சோபாக் கடை. மனிதர்களை உட்கார வைப்பதே தொழில். எழுப்பவும் தனக்குத் தெரியும் என்று அவருக்கொரு நம்பிக்கை.

"தன்னார்வலர்னு கூப்பிட்டா எவன் வருவான்? சம்பளம் இல்லைங்கறது அந்தப் பேர்லயே தெரியுது. பொறுப்பாளர்னு கூப்பிடுங்க. அப்புறம் பாருங்க கூட்டத்தை" என்றார்.

கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நாற்காலிப் பொறுப்பாளர், தண்ணீர்ப் பொறுப்பாளர், தண்ணீர்த் துணைப் பொறுப்பாளர், வாசல் பொறுப்பாளர், வாசலுக்கு வெளியே ஒரு பொறுப்பாளர், இவர்கள் எல்லோரையும் ஒருங்கிணைக்க ஒரு முதன்மைப் பொறுப்பாளர். ஆளுக்கொரு நீல நாடா, நாடாவில் ஓர் அட்டை. அட்டையில் புகைப்படம் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு பேர் ராஜினாமா வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

அட்டை இல்லாத ஒரே ஆள் ஸ்டீம் அக்கா. அண்ணன் நடத்தும் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எப்போதும் நீராவிக்கு நடுவில் நிற்பதால் அந்தப் பெயர். மூன்று வருடமாக விழாவில் டீக்கடை அவள் தலையில்தான். அவளைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. இருக்கிற ஆளை எதற்குச் சேர்ப்பது?

தலைவர் சலவைக் கடைக்கே வந்தார்.

"அக்கா, இந்த வருஷமும் டீ உங்க கையாலதானே?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "வரேன் சார். ஆனா எம் பொண்ணு நாடகம் ஆரம்பிக்கறப்ப என்னை விட்டுடணும். மூணு வருஷமா மேடையேறுறா. ஒரு தடவைகூட நான் பாத்ததில்ல. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு சத்தம் மட்டும் கேட்டிருக்கேன்."

"அட, இதுக்கா இவ்வளவு தயக்கம்! இந்த வருஷம் நமக்கு ஆள் பஞ்சமே இல்ல. திரும்பற பக்கமெல்லாம் பொறுப்பாளர்."

அவர் படியிறங்கியதும் அண்ணன் ஆரம்பித்தான். "ஏம்மா, உன்னை மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டிக் குடுத்தோமா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுத்தோமா?"

"சும்மா இருண்ணே. தலைவரே வாக்கு குடுத்திருக்கார்."

"அவர் சோபாவுக்கும்தான் அஞ்சு வருஷ உத்தரவாதம் குடுக்கறார்."

மகள் அதைவிடக் கறார். இந்த முறை நாடகத்தில் அவள் நீதிபதி. பஞ்சில் செய்த நரைமுடியைத் தலையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ வரலேன்னா அடுத்த வருஷம் நான் ஏறமாட்டேன்மா. எல்லாரும் அவங்கவங்க அம்மாவுக்குக் கையாட்டறாங்க. நான் யாருக்கு ஆட்டறது, சுவத்துக்கா?"

விழா நாளில் டீக்கடை வழக்கம்போல மண்டபத்தை ஒட்டிய நடையில். ஒரு மேசை, பெரிய கொதிகலன், அதன் அடியில் இறுக்கமாகத் திறக்கும் குழாய், அடுக்கடுக்காகக் கோப்பைகள். ஊற்றுவது, கொடுப்பது, வாங்கிக் கழுவுவது எல்லாம் அவளே. நீல நாடாக்கள் இரண்டிரண்டாக வந்தன, பின்னால் கை கட்டி நின்றன, "நல்லாப் போகுது" என்று தங்களுக்குள் பாராட்டிக்கொண்டன, டீ வாங்கிக் குடித்தன, போயின.

நாடகத்துக்கு முதல் மணி அடித்தது. பக்கத்தில் நின்ற பல் டாக்டரிடம் அவள் திரும்பினாள்.

"டாக்டர், இந்தக் குழாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க. பொண்ணு நாடகம்."

பல் டாக்டர் தன் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "நான் டீ விநியோகப் பொறுப்பாளர். விநியோகம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறவன். ஊத்தறது வேற துறைங்க."

"அந்தத் துறையில யாரு இருக்கா?"

"நீங்கதான்."

தண்ணீர்ப் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். "எனக்குத் தண்ணி மட்டும்தான்மா" என்றார் அவர்.

"டீயிலயும் தண்ணிதானே சார் இருக்கு?"

"கொதிச்சதுக்கு அப்புறம் அது என் எல்லைக்கு வெளிய."

முதன்மைப் பொறுப்பாளர் ஆழமாக யோசித்தார். தலைவரைக் கேட்காமல் தான் ஒரு முடிவு எடுத்தால் தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார். தலைவர் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மண்டபத்து ஒலிபெருக்கியில் அவர் குரல் நடைவரைக்கும் வழிந்தது. நாடகத்துக்கு முன்னால் ஒரு சில வார்த்தைகளாம்.

"நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சைத் தொடக் கை காலியாக இல்லை. ஒன்றில் குழாய், மற்றதில் கோப்பை. குழாயை இறுக்கி மூடினாள். டீக்கு நின்ற வரிசையைப் பார்த்து, சலவை இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் கேட்டாள்:

"இங்க வேலை செய்ய ஒரு ஆள் வேணும். பொறுப்பாளர் வேணாம். ஆள்! யாராவது வரீங்களா?"

வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே மேசைக்குப் பின்னால் வந்தார்.

"தள்ளுங்கக்கா. எம் பையன் சேந்ததுலேர்ந்து வருஷா வருஷம் வந்து சும்மா நின்னுட்டுப் போறேன். முன்வாங்க, மனசு வைங்கன்னு மைக்குல திட்டறாங்களே தவிர, குழாயைப் பிடிடான்னு ஒருத்தர் சொன்னதில்ல."

அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மா கோப்பைகளை அள்ளினாள். "நான் கழுவறேன். கழுத்துல அட்டையோட எல்லாரும் நடக்கற நடையைப் பாத்து, இதுக்கெல்லாம் பரீட்சை எழுதணும் போலன்னு இருந்துட்டேன்."

"முறைப்படி பதிவு பண்ணாம..." என்று பல் டாக்டர் இழுத்தார்.

"டாக்டர், குடிச்ச கப்பை இப்படிக் குடுங்க" என்றாள் நர்ஸம்மா. அவர் கொடுத்தார்.

மண்டபத்தில் பின்னால் நிற்கவும் இடமில்லை. முன்வரிசையில் மட்டும், தலைமையாசிரியை தவிர, எல்லாம் காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் 'பொறுப்பாளர்களுக்கு மட்டும்' என்று தாள் ஒட்டியிருந்தது. ஸ்டீம் அக்கா நடுவில் ஒன்றின் தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடையில் தலைவர் பேச்சு தியாகத்துக்கு வந்திருந்தது. திரையோரம் குட்டிப் போலீசும் குட்டித் திருடனும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அவளைக் கண்டதும் தலைவருக்கு மைக் கையிலிருப்பது மறந்துபோனது.

"அக்கா, அப்ப டீ?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அது ஓடுது சார். நீங்க இறங்குங்க. பிள்ளைங்க ஏறட்டும்."

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். தலைவர் முன்னதாகவே எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். முன்வரிசையில் தலைமையாசிரியையின் பக்கத்தில் அமர்ந்து, இன்றைய பெற்றோரிடம் அர்ப்பணிப்பு இல்லாமற்போனதைப் பற்றிக் குசுகுசுக்கத் தொடங்கினார்.

திரை விலகியது. நீதிபதி நீளக் கறுப்புக் கோட்டைக் கால் தடுக்காமல் தூக்கிப் பிடித்தபடி வந்து மேசைக்குப் பின்னால் ஏறி நின்றாள். முன்வரிசையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். வாய் காதுவரை போயிற்று. வசனம் போன இடம் தெரியவில்லை. போலீஸ் முழங்கையால் இடித்தான். நீதிபதி அதைச் சட்டை செய்யாமல், சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கி, அம்மாவுக்கு ஆட்டினாள். அம்மாவும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

பக்கத்தில் குசுகுசுப்பு ஓயவில்லை. நீதிபதியின் கண் அங்கே போனது. வசனம் நினைவுக்கு வந்துவிட்டது.

"அமைதி!" என்று மேசையில் ஓங்கி அடித்தாள்.

தலைவர் வாயை மூடிக்கொண்டார்.