தேங்காய்க்குப் பாராசூட்

தீவுக் கிராமமான சௌல்தாரியில் புஷ்பத்தின் அடுப்படிக்கு மேலாக ஒரு தென்னை சாய்ந்து நின்றது. காய் விழுந்து கூரைத் தகரத்தில் ஏற்கெனவே இரண்டு ஓட்டை. மாற்றுத் தகரம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். மழையோ இன்றோ நாளையோ என்று நின்றது. இருக்கிற தகரமாவது தப்பவேண்டும் என்பதே அவள் கவலை. மரமேறி முத்துவீரன் ராமநாதபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனவன், திரும்பக் காணோம்.

அவள் கணவர் தங்கையா, கட்சால் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், காய்க்குப் பாராசூட் கட்டப்போவதாகச் சொன்னார்.

"மேல ஏறி யாரு கட்டுறது?"

"நான்தான்."

"ஏறுற மனுசன் காயை வெட்டி அப்படியே கயித்துல இறக்கிடலாமே."

"அது எல்லாரும் செய்யிறது, புஷ்பம்."

முதலில் குடைத்துணியில் கிழித்த ஒரு முழத் துண்டு. அது பிடிக்கிற காற்று ஒரு கொசுவுக்குக் காணாது. காய் துணியையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. மூன்றாவது ஓட்டை.

"அகலம் பத்தல," என்று அவளுடைய பாலியஸ்டர் சேலையை எடுத்துப்போனார். சேலை காற்றை வயிறு முட்டக் குடித்து, வெளியேற வழியில்லாமல் ஓரமாகக் கக்கி, ஆலயமணி போல ஆடி, பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் காயை நீட்டியது.

"க்யா ஹை அக்கா, என்ன இது? நான் காய் கேக்கவேயில்லையே," என்றாள் பக்கத்து வீட்டு வைஜெயந்தி.

"டீக் ஹை, சரி பண்ணிடலாம்," என்று தங்கையா சேலையின் நடுவில் வட்டமாக வெட்டினார். ஆட்டம் நின்றது, சுற்றல் பிடித்தது. காய் பம்பரமாகச் சுழன்றதில் கயிறுகள் பின்னிக்கொண்டு, சேலை ஜடையாகச் சுருங்கி, தொப்பென்று நாலாவது ஓட்டை. சுழன்ற சுழற்சியில் காய்க்குள்ளே வெண்ணெய் திரண்டிருந்தது. அன்றைக்கு அதில்தான் தோசை. வைஜெயந்தி மூன்று சாப்பிட்டாள்.

புஷ்பத்துக்குப் பொறுமை போயிற்று.

"கிணத்து வாளி சுத்துறதப் பாத்ததே இல்லையா நீங்க? கனம் தொங்குனா கயித்து முறுக்கு பிரியும், வாளி சுத்தும். பாவாடை நாடா கட்டுங்க. அதுல முறுக்கே கிடையாது. எட்டு நாடாவும் ஒரே நீளமா வெட்டுங்க."

அவர் வாதாடாமல் தலையாட்டியது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த முறை காய் ஆடவில்லை, சுற்றவில்லை. அவள் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, வடித்தும் முடித்தாள். காய் பாதி வழிதான் வந்திருந்தது. ஒரு காகம் அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனது. கடைசியில் காய் சத்தமேயில்லாமல் தகரத்தில் அமர்ந்தது.

"இரு, எடுத்துட்டு வர்றேன்," என்றார் மரத்திலிருந்த தங்கையா.

"தகரத்துல கால வைக்காதீங்க. அது தாங்கா..."

சோற்றுப் பானைக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேல் வாசற்படி அகலத்துக்கு வானம். வேட்டியைத் தட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"காய்ல ஒரு கீறல் இல்ல, பாத்தியா."

மழை அவர் மூக்கில் தொடங்கியது. புஷ்பம் பானையை மட்டும் நகர்த்தி வைத்தாள்.